ஆயில் பெயின்டில் மாநிற முகம்: தொடங்குபவர்களுக்கு

ஆயில் பெயின்டில் முகம் வரைய உட்காரும் எவரும் முதலில் கேட்பது, "தோல் நிறத்துக்கு எந்த டியூப் வாங்கணும்?" என்றுதான். ஃப்ளெஷ் டின்ட் என்ற பெயரில் கடையில் ஒரு டியூப் கிடைக்கும். அதை வாங்க வேண்டாம். அது வெளிறிய இளஞ்சிவப்பு. நம் ஊர் முகங்களில் அந்த நிறத்தைத் தேடினாலும் கிடைக்காது. வீடியோக்களில் சொல்லித்தரும் கலவைகளும் பெரும்பாலும் ஐரோப்பியத் தோலை மனதில் வைத்தவை. நிறைய வெள்ளை எடுத்து, அதில் கொஞ்சம் சிவப்பும் மஞ்சளும் சேர்க்கச் சொல்வார்கள். அதையே கொஞ்சம் பழுப்பாக்கினால் மாநிறம் வந்துவிடும் என்று நம்பி பர்ன்ட் அம்பரைக் கலந்தால், முகம் பவுடர் அப்பிய சாம்பலாகவோ செங்கல்லாகவோ வந்து நிற்கும்.

இதைச் சரிசெய்ய இன்னொரு கலவையைத் தேடிப் பயனில்லை. நிறத்தைத் தொடுவதற்கு முன்பே முடிவாக வேண்டிய ஒன்று இருக்கிறது. அதுதான் டோன்.

ஓர் இடம் எவ்வளவு வெளிச்சமாக, எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்பதுதான் டோன். அது சிவப்பா பழுப்பா என்ற கேள்வி இதில் கிடையாது. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் துளி நிறம் இல்லை, ஆனாலும் யாருடைய முகம் என்று பார்த்ததும் சொல்லிவிடுகிறோம். அடையாளம் காட்டுவது டோனும் வடிவமும்தான். இவை இரண்டும் சரியாக இருந்தால் நிறம் கொஞ்சம் தவறினாலும் படம் தாங்கும். டோன் தவறினால் எந்த நிறமும் அதைக் காப்பாற்றாது.

பயிற்சிக்கு ஒரு தடித்த அட்டையை எடுத்து அதில் ஒன்பது கட்டங்கள் போடுங்கள். முதல் கட்டத்தில் ஐவரி பிளாக், ஒன்பதாவதில் டைட்டானியம் ஒயிட், நடுவே படிப்படியாக ஏழு சாம்பல்கள். இரண்டாவது கட்டத்துக்கும் மூன்றாவதற்கும் உள்ள இடைவெளி, ஏழுக்கும் எட்டுக்கும் உள்ளது போலவே தெரிய வேண்டும். ஒரு மாலை முழுக்க ஆகலாம், ஆனால் அந்த அட்டை வருடக்கணக்கில் உதவும். இப்போது அதை ஒரு மாநிற முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் விழும் கன்னம் ஏறக்குறைய 5 அல்லது 6-இல் நிற்கும். நல்ல கறுப்பான முகம் என்றால் 3, 4. நிழல் பக்கம் 2, 3-க்கு இறங்கும். மூக்கு நுனியில் மின்னும் புள்ளி மட்டும் 8 வரை ஏறும்.

தொடங்குபவர்களுடைய படம் கெட்டுப்போகும் முதல் இடம் இதுதான். வெளிச்சப் பக்கத்தை 7, 8-க்கு ஏற்றிவிடுவார்கள். பிறகு ஹைலைட் (அந்த மின்னும் புள்ளி) வைக்க மேலே இடமே மிஞ்சாது. முகம் தட்டையாகிவிடும், ஆளும் வேறு ஆளாகிவிடுவார். போட்டோ ஸ்டூடியோக்களில் முகத்தை வெளுப்பாக்கிக் கொடுக்கும் பழக்கம் நம் கண்ணிலும் ஊறிப்போயிருக்கிறது. ஒருவரை உள்ளபடி வரைய வேண்டுமானால் அந்தப் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். இதை மரியாதை சார்ந்த விஷயமாகவும் நாங்கள் பார்க்கிறோம். கறுத்த முகத்தை அதன் ஆழம் குறையாமல் வரைந்தால் என்ன அழகு வரும் என்று பார்க்க, 2021-இல் மறைந்த ஓவியர் இளையராஜா வரைந்த கிராமத்துப் பெண்களைப் பாருங்கள். ஒரு பக்க வெளிச்சம், மறுபக்கம் தயக்கமே இல்லாத இருட்டு. ரவிவர்மாவின் அசல் ஓவியங்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்திலுள்ள ராஜா ரவிவர்மா கலைக்கூடத்திலும் நேரில் பார்க்கலாம். காலண்டர் அச்சுகளை வைத்து அவருடைய தோல் நிறங்களை மதிப்பிட வேண்டாம்.

வெளிச்சம்

ஒரே ஒரு ஜன்னல் போதும். ஆளை அதிலிருந்து நாலைந்து அடி தள்ளி, வெளிச்சம் சற்று மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் விழும்படி உட்காரவையுங்கள். வடக்குப் பார்த்த ஜன்னலில் நேர் வெயில் அதிகம் விழாது என்பதால் வெளிச்சம் மணிக்கொரு தரம் மாறாமல் நிற்கும். ட்யூப் லைட்டை அணைத்துவிடுங்கள். கூரையிலிருந்து இன்னொரு வெளிச்சம் விழுந்தால் நிழல்கள் ஒன்றையொன்று தின்றுவிடும், முகத்தில் வடிவமே தெரியாது.

புகைப்படத்தைப் பார்த்து வரைவதாக இருந்தால் குறைந்தது ஆறேழு அடி தள்ளி நின்று, செல்போனில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். கைநீட்டும் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு பெருத்தும் காதுகள் பின்வாங்கியும் தெரியும். அதை அப்படியே பெயின்டில் வரைந்தால், "ஏதோ இடிக்குது" என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள், என்ன இடிக்கிறது என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

முகத்தில் வெளிச்சத்தைச் சேர்ந்த இடங்களையும் நிழலைச் சேர்ந்த இடங்களையும் இரண்டு குடும்பங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்த இடமும் இரண்டில் ஒன்றில்தான் இருக்க முடியும். வெள்ளைச் சட்டை போட்டவரின் தாடைக்கு அடியில் சட்டையின் வெளிச்சம் பிரதிபலித்து அந்த இடம் பளிச்சென்று தெரியும். ஆனாலும் அது நிழல் குடும்பம்தான். வெளிச்சப் பக்கத்தின் மிக மங்கலான இடத்தைவிட அது ஒரு படியாவது இருட்டாக இருக்க வேண்டும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அந்தப் பளிச் மறைந்து நிழலோடு கரைவதைக் காணலாம். முழுக்கக் கண் திறந்து பார்ப்பதால்தான் அதை ஏமாந்து வெளிச்சமாக வரைந்துவிடுகிறோம்.

வாங்க வேண்டியவை

12×16 அங்குல கேன்வாஸ், அக்ரிலிக் ஜெஸ்ஸோ (பெயின்டுக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) பூசியது. கடையில் கிடைக்கும் மலிவான கேன்வாஸ் பெயின்டிலுள்ள எண்ணெயை உறிஞ்சிவிடும். மேலே இன்னும் இரண்டு கோட்டிங் ஜெஸ்ஸோ அடித்து, காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். பிரஷ்களில் பன்றி முடியில் செய்த ஃபில்பர்ட் (நுனி வளைந்த தட்டை பிரஷ்) 4, 6, 8, 10 எண்களில் ஒவ்வொன்று, மென்மையான சின்ன பிரஷ் ஒன்று. நிறம் கலக்க ஒரு பாலெட் கத்தி. டர்பன்டைன், லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்). சமையல் எண்ணெய் எதையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் ஆளிவிதை எண்ணெய் போல இறுகிப் படலமாகாது. படம் காயாமல் பிசுபிசுத்துக் கிடக்கும்.

நிறங்கள் எட்டு போதும்: டைட்டானியம் ஒயிட், யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, ரா அம்பர், கேட்மியம் ரெட் லைட், அலிசரின் க்ரிம்சன், அல்ட்ராமரைன் ப்ளூ, ஐவரி பிளாக். இன்னும் குறைக்கலாம். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) 1896-இல் வரைந்த தன்னுருவப் படத்தில் கையிலிருக்கும் பாலெட்டில் (நிறம் கலக்கும் பலகை) வெள்ளை, ஓக்கர், சிவப்பு, கறுப்பு என்று நாலே குவியல்கள் தெரியும். அந்த நாலையும் வைத்து ஒரு முகம் முழுக்க வரைந்து பார்ப்பது நல்ல பயிற்சி. ஐவரி பிளாக்கோடு வெள்ளை சேர்ந்தால் பழுப்புகளுக்கு நடுவே அது நீலமாகவே தெரியும்.

அடிப்படம்

வெள்ளைக் கேன்வாஸில் நேராகத் தொடங்கினால் எல்லாமே இருட்டாகத் தெரியும், பயந்து வெளுத்த நிறங்களையே போடுவீர்கள். எனவே முந்தின நாளே ரா அம்பரை டர்பன்டைனில் நன்றாகக் கரைத்துக் கேன்வாஸ் முழுக்கப் பூசி, பழைய பனியன் துணியால் துடைத்து, 5-ஆம் டோன் அளவில் விட்டுவிடுங்கள். மாநிற முகத்தின் நடு டோனே அதுதான். பாதி வேலை இந்த அடிப்பூச்சிலேயே முடிந்திருக்கும்.

பெரியவர்களின் தலை உச்சியிலிருந்து தாடை வரை ஏறக்குறைய 9 அங்குலம் இருக்கும். கேன்வாஸில் 7 அங்குலம் வையுங்கள். நிஜ அளவைவிடப் பெரிதாக வரைந்தால் சுவரில் மாட்டும்போது தலை வீங்கினாற்போல இருக்கும். உச்சிக்கும் தாடைக்கும் சரிபாதியில் கண் கோடு. இதை எல்லோரும் மேலே ஏற்றிவிடுவார்கள், நெற்றி குறுகிப்போகும். இரண்டு கண்களுக்கு நடுவே ஒரு கண்ணின் அகலம். இதெல்லாம் சராசரிக் கணக்கு. நீங்கள் வரையும் மனிதரின் சாயல், அவர் இந்தச் சராசரியிலிருந்து எங்கே விலகுகிறார் என்பதில்தான் இருக்கிறது. அதனால் கையை முழுக்க நீட்டி, பிரஷ் காம்பை முகத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி அளந்து பாருங்கள். கண்ணின் உள்மூலையிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டால் அது மூக்குச் சிறகைத் தொடுகிறதா, தள்ளிப் போகிறதா? வாயோரம் அந்த நூலுக்கு எவ்வளவு வெளியே? இப்படி ஏழெட்டு இடங்களைச் சரிபார்த்தால் சாயல் தானாகப் பிடிபடும்.

கோடுகளை ரா அம்பரால் மெல்லியதாகப் போட்டு, நிழல் குடும்பம் முழுவதையும் ஒரே டோனில் நிரப்புங்கள். கண்குழி, மூக்கின் பக்கம், மேலுதடு, தாடைக்கு அடி, கழுத்து எல்லாம் தனித்தனியாக இல்லாமல் ஒன்றோடொன்று சேர்ந்த ஒரே இருட்டு வடிவமாக. வெளிச்சம் வேண்டிய இடங்களில் டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்தெடுங்கள். கண்மணி, இமை முடி எதுவும் இப்போது வேண்டாம். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இந்த நிலையிலேயே யாரென்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் நிறத்துக்குப் போகாதீர்கள். கேன்வாஸைக் கண்ணாடியில் பாருங்கள், கோணிய வாயும் இறங்கிய கண்ணும் உடனே பளிச்சிடும். ரா அம்பரில் உள்ள மாங்கனீஸ் எண்ணெயைச் சீக்கிரம் உலர வைக்கும் என்பதால் இந்த அடுக்கு ஒன்றிரண்டு நாளில் காய்ந்துவிடும்.

நிறக் கலவை

பட்டாணி அளவு பெயின்ட்டை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு, கத்தியால் கலந்து நாலு குவியல்கள் தயார்செய்யுங்கள். பிரஷ்ஷால் கலந்தால் அளவு நிற்காது.

நடு டோனுக்கு பர்ன்ட் சியன்னா 2, யெல்லோ ஓக்கர் 2, அல்ட்ராமரைன் அரை, ஒயிட் 1. வெளிச்சத்துக்கு இதில் பாதியைத் தனியே எடுத்து, ஓக்கர் 1, ஒயிட் 1 சேர்த்து, 5 அல்லது 6-ஆம் கட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிழலுக்கு பர்ன்ட் சியன்னா 2, அல்ட்ராமரைன் 1, அலிசரின் கத்தி நுனியளவு. இதில் ஒயிட் கூடவே கூடாது. துளி விழுந்தாலும் நிழல் மாவு பூத்தது போல ஆகிவிடும். நான்காவது, வெளிச்சம் நிழலுக்குத் திரும்பும் இடத்துக்கானது: நடுக் குவியலில் கொஞ்சம் எடுத்து, ஐவரி பிளாக்கும் ஓக்கரும் சேர்த்துக் கிடைக்கும் பாசிப் பச்சையைத் தொட்டுக் கலந்தது. பச்சையா என்று தயங்க வேண்டாம். கன்னத்தின் ஓரத்திலும் தாடையிலும் அந்த மங்கிய பச்சை இருப்பதால்தான் பக்கத்திலுள்ள செம்பழுப்பு உயிரோடு தெரிகிறது. அது இல்லாத முகங்கள்தான் செங்கல்லாகிவிடுகின்றன.

அளவுகள் தொடக்கத்துக்கு மட்டுமே. டியூபுக்கு டியூப் நிறத்தின் வலு மாறும், முகத்துக்கு முகமும் மாறும். ஒவ்வொரு கலவையையும் முதலில் டோன் அட்டையோடு ஒப்பிட்டு, பிறகுதான் நிறம் சரியா என்று பாருங்கள்.

வெளுப்பாக்க வேண்டிய இடத்தில் ஒயிட்டை மட்டும் சேர்ப்பது பெரிய தவறு. ஒயிட் டோனை ஏற்றும்போதே நிறத்தைக் குளிர்வித்து மங்கவும் செய்யும். அதனால் ஒயிட் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஓக்கரோ, கன்னமும் மூக்கு நுனியும் என்றால் துளி கேட்மியம் ரெட்டோ கூடவே போக வேண்டும்.

ஹைலைட் மட்டும் இதற்கு விலக்கு. நெற்றியிலும் மூக்கிலும் மின்னுவது தோலின் நிறம் அன்று. தோலின் மேலுள்ள எண்ணெய்ப் பசையும் வியர்வையும் ஜன்னலைப் பிரதிபலிக்கின்றன. அதனால் ஹைலைட்டுக்கு ஜன்னலின் நிறம்தான் வரும்: பகல் வானம் என்றால் லேசான நீலம். ஒயிட்டில் துளி அல்ட்ராமரைனும் கொஞ்சம் வெளிச்சக் குவியலும் போதும். கறுத்த தோல் உள்வாங்கும் வெளிச்சம் அதிகம், ஆனால் மேற்பரப்பு பிரதிபலிப்பது எல்லாத் தோலிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆகவே கறுத்த முகத்தில் ஹைலைட்டுக்கும் பக்கத்துத் தோலுக்கும் உள்ள இடைவெளி நாலைந்து படிகள் இருக்கும், வெளுத்த முகத்தில் ஒன்றிரண்டுதான். கறுத்த முகங்கள் சிற்பம் போல எடுப்பாக இருப்பதற்கு இது ஒரு காரணம். அந்த மினுமினுப்பைப் பவுடர் போட்டு மறைப்பது போலத் தேய்த்து மழுக்கிவிடாதீர்கள்.

வரையும் வரிசை இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு: முதலில் நிழல், மெல்லியதாக. பிறகு நடு டோன், பிறகு வெளிச்சம், தடிமனாக. பெரிய பிரஷ்ஷில் தொடங்கி, அது நுழையாத இடத்துக்கு மட்டும் சின்னதை எடுங்கள். ஒரு தீற்றலை வைத்தால் விட்டுவிடுங்கள். அதையே முன்னும் பின்னும் இழுத்தால் பக்கத்து நிறங்கள் கலந்து சேறாகும்.

கண், உதடு, மூக்குத்தி

கண்ணின் வெள்ளை வெள்ளையே கிடையாது. மாநிற முகத்தில் அது 5, 6-ஐத் தாண்டாது. மேல் இமை அதன்மேல் நிழல் போடுவதால் மேற்பாதி இன்னும் இருட்டு. ட்யூபிலிருந்து எடுத்த வெள்ளையை அங்கே வைத்தால் முகம் மிரண்டுபோன மாதிரி முழிக்கும். கருவிழியின் வட்டத்தில் மேற்பகுதியை இமை மறைக்கிறது என்பதையும் பாருங்கள். முழு வட்டம் தெரிந்தாலும் அதே மிரட்சிதான்.

மேலுதடு கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் நிழலில் இருக்கும், கீழுதடு வெளிச்சத்தில். நம் முகங்களில் உதட்டின் நிறம் பலசமயம் கன்னத்தைவிட ஊதா கலந்த பழுப்பு, அலிசரினும் அல்ட்ராமரைனும் துளித்துளி போதும். உதட்டைச் சுற்றிக் கோடு போட வேண்டாம். இரண்டு உதடுகளும் சேரும் கோடும் ஒரே கனமாக ஓடாது, ஓரங்களில் அழுத்தமாகவும் நடுவில் மெலிந்தும் இருக்கும்.

மூக்குத்தி என்றால் இரண்டே புள்ளிகள்: ஓர் ஒளிப்புள்ளி, அதற்குக் கீழே மூக்குச் சிறகில் விழும் சின்ன நிழல். நிழல் இல்லாவிட்டால் மூக்குத்தி படத்தில் ஒட்டிய ஸ்டிக்கர்தான். பொட்டும் அப்படியே. நெற்றி வளைவில் உட்கார்ந்திருப்பதால், முகம் திரும்பியிருந்தால் அது வட்டமாக இருக்காது. நிழல் பக்கத்துப் பொட்டின் சிவப்பு 2, 3-க்கு இறங்கிவிடும். தலைமுடியை முடியாக வரையாமல் ஒரே இருட்டுத் திரளாகப் போட்டு, நெற்றியோடு சேரும் விளிம்பை ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த பிரஷ்ஷால் கரைத்துவிடுங்கள்.

விளிம்புகளைப் பற்றி ஒரு விதி போதும். ஒரு பொருள் இன்னொன்றின் மேல் போடும் நிழலுக்கு விளிம்பு கூர்மை, உருண்டு திரும்பும் பரப்பின் நிழலுக்கு விளிம்பு மென்மை. மூக்கு மேலுதட்டில் போடும் நிழலையும் கன்னம் காதுப் பக்கம் திரும்பும் நிழலையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

காய்வதும் வெடிப்பதும்

ஆயில் பெயின்ட் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. எண்ணெய் கூடுதலாக இருந்தால் இறுக நாளாகும். சீக்கிரம் இறுகும் அடுக்கை, இறுகாத அடுக்கின் மேல் போட்டால், அடியில் இருப்பது பிறகு அசையும்போது மேலே வெடிப்பு விழும். அதனால் ஒவ்வொரு அடுக்கிலும் எண்ணெய் கூடிக்கொண்டே போக வேண்டும். அடிப்படத்துக்கு டர்பன்டைன் மட்டும். இரண்டாம் அடுக்குக்கு டர்பன்டைன் 2 பங்கு, லின்சீட் 1. அதற்கு மேல் இரண்டும் சமபங்கு. எதிலும் பிரஷ் நுனி நனையும் அளவுக்கு மேல் வேண்டாம். அடுக்குகளுக்கு நடுவே ஒரு வாரமாவது விடுங்கள், மழைக்காலத்தில் இன்னும் சில நாட்கள்.

காய்ந்ததும் நிழல் பகுதிகள் திட்டுத்திட்டாகப் பளபளப்பிழந்து சாம்பலாகத் தெரியலாம். அடி அடுக்கு எண்ணெயை உறிஞ்சியதால் வருவது இது. நிறம் மாறிவிட்டதென்று மேலே இருட்டைப் பூசிவிடாதீர்கள். லின்சீடும் டர்பன்டைனும் சமமாகக் கலந்து மெல்லியதாகத் தடவி, பத்து நிமிடம் கழித்துத் துணியால் ஒற்றி எடுத்தால் பழைய ஆழம் திரும்பும். அதன் பிறகே அடுத்த திருத்தம்.

வார்னிஷ் அடிக்க ஆறு மாதம், பெயின்ட் தடிமன் என்றால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். கேட்மியம் நிறங்கள் நச்சு என்பதால் வேலை செய்யும்போது சாப்பிடாதீர்கள். டர்பன்டைன் ஆவி வெளியேற ஜன்னலைத் திறந்து வையுங்கள். லின்சீட் நனைந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடவே கூடாது. எண்ணெய் இறுகும்போது வெளிவரும் சூடு குவியலுக்குள் தேங்கி, யாரும் தொடாமலே தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் மூடி வையுங்கள்.